பரணில் இருந்த கச்சேரி

சென்ற தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கிற்று. ஓட்டைப் பாத்திரங்களும் பழைய பஞ்சாங்கங்களும்தான் இருக்கும் என்று எண்ணித் திறந்தோம். உள்ளே நம் தகப்பனார் சேர்த்து வைத்திருந்த கிராமபோன் பிளேட்டுகள் இருந்தன. மேலே முப்பத்திரண்டு எல்.பி. தட்டுகள், அவற்றுக்கு அடியில், பழைய வேஷ்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, பதினொரு அரக்குத் தட்டுகள். நம் தாயார் அருகில் வந்து நின்றார்கள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேலாக இருந்த ஒரு தட்டை எடுத்து, அட்டையிலிருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்கள். 1963-ல் எம்.எஸ். சுப்புலக்ஷ்மி பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் அது.

"இதைக் கேட்க முடியுமாடா?" என்று மட்டும் சொன்னார்கள்.

நாம் உடனே புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தோம். கைபேசியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினோம். கூடத்து ஸ்பீக்கர்களிலிருந்து சுப்ரபாதம் கிளம்பிற்று. கீச்சு, கரகரப்பு ஒன்றும் கிடையாது. பளிங்கு போல் சுத்தமாக இருந்தது. தாயார் இரண்டு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைத்தான் தினம் கேட்கிறேனே! நான் கேட்டது இதை" என்று கையிலிருந்த தட்டைக் காட்டினார்கள்.

இவ்விதமாக நாம் டர்ன்டேபிள் தேடிப் புறப்பட வேண்டியதாயிற்று.

புறப்படுமுன் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். டிஜிடல் சங்கீதத்தைக் காட்டிலும் கிராமபோன் பிளேட்டுதான் உயர்ந்தது என்று வாதிப்பவர்கள் அநேகர் உண்டு. நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் அல்ல. 1982-ல் வந்த ஸி.டி. ஒரு விநாடி ஓசையை 44,100 துண்டுகளாக அளந்து வைக்கிறது. மெல்லிய முனகலுக்கும் உச்ச ஒலிக்கும் இடையே அது காட்டக்கூடிய வித்தியாசம் சுமார் 96 டெஸிபல், எல்.பி. தட்டோ 70-ஐ எட்டினாலே பெரிய காரியம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு தடவை பாடும்போதும் ஊசி தட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது. "டிஜிடல் வாடையே படாத சுத்தமான தட்டு" என்று ரஸிகர்கள் கொண்டாடிய சில அமெரிக்கத் தட்டுகள், நடுவில் டிஜிடல் பதிவாகி வந்தவை என்று 2022-ல் வெளியாகிவிட்டது. அதுவரையில் எந்த ரஸிகர் காதுக்கும் அது தெரியவில்லை! இருந்தாலும் அமெரிக்காவில் 2020-ல் எல்.பி. தட்டு விற்ற பணம் ஸி.டி. விற்ற பணத்தை மிஞ்சிவிட்டது. 1980-களுக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஆகவே வாதத்தில் ஜயித்தவர் யார் என்று நாம் ஆராயப் போவதில்லை. நமக்கு ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பாழாக்காமல் பாட வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லுகிறோம். கையில் தூக்கிக்கொண்டு போகும் சூட்கேஸ் மாதிரி ஒரு யந்திரம், பார்வைக்கு லக்ஷணமாக, விலையும் மலிவாக இருந்தது. வாங்கி வந்தோம். நல்ல வேளையாகப் பழைய கடையில் வாங்கிய ஒரு சினிமாப் பாட்டுத் தட்டை முதலில் வைத்துப் பரீக்ஷை பார்த்தோம். தபேலா ஓங்கி ஒலித்த இடத்தில் ஊசி ஒரு குதி குதித்தது. பல்லவியிலிருந்து நேரே சரணத்துக்குப் போய்விட்டது. காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஊசி இருக்கும் பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கரும் இருப்பதால், அது அதிரும்போது ஊசியும் அதிர்கிறது. குதிக்காமலிருக்க ஊசியை ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தி வைத்திருக்கிறார்கள். நல்ல எல்.பி. ஊசி இரண்டு கிராம் பாரத்தில் ஓட வேண்டியது. இரண்டு மடங்குக்கு மேல் பாரமுள்ள ஊசியைத் தாயாரின் சுப்ரபாதத்தின்மேல் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. யந்திரம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. பணம் முழுவதும் திரும்பி வரவில்லை.

இரண்டாவது யந்திரம் தானமாகவே வந்தது. நியூஜெர்ஸியில் இருக்கும் நம் மைத்துனர், ஊருக்கு வந்தபோது தம் வீட்டிலிருந்த பழைய டர்ன்டேபிளைப் பத்திரமாக எடுத்து வந்து கொடுத்தார். கனமான பிளாட்டர், தேக்கு நிறப் பலகை, அழகான கை. அங்கே 110 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பது நமக்குத் தெரியும். அதற்கென்று ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்தோம். தட்டு சுழன்றது. பாட்டும் வந்தது. ஆனால் பாடுகிறவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல் இருந்தது. பெண் குரல் ஆண் குரலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன அத்திம்பேர், இந்தத் தட்டு வயசாகித் தளர்ந்துவிட்டதா?" என்றார் மைத்துனர்.

கைபேசியில் சுருதிப் பெட்டியை வைத்து ஒத்துப் பார்த்தோம். ஐந்தரைக் கட்டையில் இருக்க வேண்டிய பாட்டு நாலு கட்டைக்கும் சற்றுக் கீழே நின்றது. தளர்ந்தது தட்டல்ல. அந்த யந்திரத்தின் மோட்டார், மின்சாரத்தின் துடிப்பையே கணக்காக வைத்துச் சுழல்வது. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 தடவை துடிக்கிறது, நம்முடையது 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிரத் துடிப்பைக் கூட்டாது. ஆகவே நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கும் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டிய தட்டு, இருபத்தெட்டுக்கும் குறைவாகச் சுற்றிற்று. இருபது நிமிஷப் பாட்டு இருபத்து நாலு நிமிஷம் ஓடிற்று. சில யந்திரங்களில் மோட்டாரின் சிறு கப்பியை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். மைத்துனர் கொடுத்த வகைக்கு அந்தக் கப்பி கிடைக்கவேயில்லை. இப்போது அது அலமாரியில் அலங்காரமாக இருக்கிறது. மைத்துனர் மனம் புண்படக்கூடாதல்லவா?

இதில் ஒரு லாபமும் உண்டு. டர்ன்டேபிளை எப்படிப் பரீக்ஷிப்பது என்று தெரிந்துவிட்டது. கடைக்காரர்கள் பேஸ், டிரெபிள் என்று எதையாவது ஓட்டிக் காட்டுவார்கள். நேயர்கள் அதை நம்ப வேண்டாம். தம்புரா தெளிவாகக் கேட்கும் கர்நாடக சங்கீதத் தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சுருதி உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் வேகம் தப்பு. தம்புராவின் நாதம் நீரில் தெரியும் நிழல் போல் நெளிந்தால் சுழற்சி சமமாயில்லை. இந்தப் பரீக்ஷையில் தேறாத யந்திரம் எவ்வளவு விலையானாலும் நம் வீட்டுக்கு உதவாது.

மூன்றாவதாகத்தான் யோசித்து வாங்கினோம். ரப்பர்ப் பட்டையால் சுழல்பவை ஒரு ஜாதி. பிளாட்டரின் நடு அச்சிலேயே மோட்டார் உள்ளவை மற்றொரு ஜாதி. 1972-ல் வந்து, பிற்பாடு டி.ஜே.க்களின் கையில் புகழடைந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 இரண்டாவது ஜாதி. பட்டை ஜாதியை ரஸிகர்கள் பெரிதும் மெச்சுகிறார்கள். ஆனால் அவற்றில் பல, இரண்டு வேகங்களோடு நின்றுவிடுகின்றன. நம் பெட்டியின் அடியில் இருந்த பதினொன்றும் நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்ற வேண்டியவை. ஆகவே ஆடியோ-டெக்னிகா என்னும் ஜப்பான் கம்பெனியின் எல்.பி.120 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று வேகமும் உண்டு. வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் காவல் காக்கிறது. மின்சாரத்தின் துடிப்பைப் பற்றிக் கவலையில்லை. முக்கியமாக, அதன் கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றி வேறு ஊசி மாட்டலாம். 78 தட்டின் வரிப்பள்ளம் எல்.பி. தட்டினுடையதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் இறக்கினால், அடியிலே கிடக்கும் அழுக்கைத்தான் அது பாடிக் காட்டும். அதற்கென்று தடித்த ஊசி தனியாக விற்கிறார்கள்.

கொண்டுவந்து கூடத்து ஆம்ப்ளிபையரோடு இணைத்தோம். கொசு ஒன்று கச்சேரி செய்வது போல் கேட்டது. பயப்படவில்லை, இதற்குள் நாம் பாதிப் பண்டிதராகிவிட்டோம். டிஜிடல் கருவி அனுப்புவது சுமார் 2 வோல்ட். கிராமபோன் ஊசி அனுப்புவது சுமார் 4 மில்லிவோல்ட், ஐந்நூற்றில் ஒரு பங்கு. தவிரவும், தட்டை வெட்டும்போதே மந்தர ஓசையைக் குறைத்தும் உச்ச ஓசையைக் கூட்டியும் வெட்டிவிடுகிறார்கள். மந்தர ஓசைக்கு ஊசி அகலமாக ஆடும்; அப்படியே விட்டால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்து, ஒரு பக்கத்தில் பாதிப் பாட்டுக்கூட அடங்காது. பாடும்போது குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கை 1954-ல் அமெரிக்காவில் ஒரே விதமாக வகுத்தார்கள். இந்த வேலையைச் செய்வதுதான் போனோ பிரி-ஆம்ப்ளிபையர். பழைய ரேடியோகிராம்களில் இதெல்லாம் உள்ளேயே இருந்தது. இக்காலத்து ஆம்ப்ளிபையர்கள் பலவற்றில் இல்லை. நம் புது யந்திரத்தின் பின்புறத்தில் அதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதைத் தள்ளியதும் கொசு பறந்துபோய், மிருதங்கம் வந்து உட்கார்ந்தது.

ஸ்பீக்கருக்கு அருகிலேயே வைத்திருந்தபடியால் சற்று நேரத்தில் ஓர் ஊளை கிளம்பிற்று. கடப்பைக் கல் பதித்த சுவர் அலமாரிக்கு மாற்றினோம்; அடங்கிவிட்டது. நம் முன்னோர்கள் ஊறுகாய் ஜாடிக்காகப் போட்ட கல் இப்படியும் உதவிற்று.

சங்கீதப் பித்துப் பிடித்த நண்பர் ஒருவர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நம் ஆம்ப்ளிபையர், உள்ளே வரும் எந்த ஓசையையும் முதலில் எண்களாக்கி, பிறகே ஸ்பீக்கருக்கு அனுப்புகிறதாம். "கங்கா ஜலத்தைக் கொண்டுவந்து குழாய் வழியாக விடுகிறீரே, ஸார்!" என்றார். குழாயில் வந்தாலும் ஜலம் கங்கையிலிருந்து வருகிறது என்று சமாதானம் சொன்னோம். அவர் சமாதானமடையவில்லை. ஆனால் ஓர் உபதேசம் செய்துவிட்டுப் போனார். தட்டுகளை ஸ்பிரிட் கலந்த தண்ணீரால் துடைக்க வேண்டும் என்று.

அந்த உபதேசத்தால் ஒரு பெரிய அனர்த்தம் நேர இருந்தது. அரக்குத் தட்டுகளில் ஒன்று, 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்துக்காக டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாட்டு. நம் பாட்டனார் வாங்கியது. சுதந்திரம் வந்த வருஷத்தில் அந்தத் தட்டைத் தெருவே வந்து கேட்டது என்று தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைத்தான் முதலில் மேஜைமேல் வைத்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டிருந்தோம். நம் வீட்டு அம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இது அரக்கென்றுதானே சொன்னீர்கள்? கதவுக்குப் பாலிஷ் போட வந்த ஆசாரி அரக்கை எதில் கரைத்தார்?"

பஞ்சு நம் கையிலிருந்து கீழே விழுந்தது. ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைத்தார். நண்பர் சொன்ன உபதேசம் எல்.பி. தட்டுக்குப் பொருந்தும்; அது வினைல் என்னும் பிளாஸ்டிக். 78 தட்டோ, நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி கட்டும் அரக்கினால் ஆனது. நம் நாட்டு அரக்கைக் கொண்டுதான் உலகமெல்லாம் ஒரு காலத்தில் பாட்டுக் கேட்டது. ஸ்பிரிட் பட்டால் பாரதியார் பாட்டுக் கரைந்து மேஜையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுந் தண்ணீரும் மெல்லிய துணியுமாக, நடு ஒட்டுக் காகிதம் நனையாமல், அம்மாளே பதினொன்றையும் துடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடியற்காலையில் சுப்ரபாதத் தட்டை வைத்தோம். தாயார் ஸ்நானம் செய்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி இறங்கிற்று. எண்ணெய் காய்வது போல் மெல்லிய பொரிச்சல், பிறகு குரல். சுருதிப் பெட்டியை நாம் எடுக்கவில்லை. தாயாரின் முகத்தைப் பார்த்தே வேகம் சரி என்று தெரிந்துகொண்டோம். எட்டு, ஒன்பது நிமிஷம் ஆகியிருக்கும். "டக்" என்று ஒரு சத்தம். ஒரு சுற்றுக்குப் பின் இன்னொரு "டக்". மூன்றாவது "டக்". நமக்குப் பகீர் என்றது. நாம்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று எழுந்து ஓடினோம்.

தாயார் கையை அமர்த்திக் காட்டினார்கள். "இரு. அது நீ கீறினது."

"நானா?"

"நாலு வயசில். ஊசியைப் பிடித்து இழுத்தாய். உன் அப்பா அன்றைக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிற்பாடு இந்த இடம் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்."

பாட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. பக்கம் முடிந்து ஊசி உள்வட்டத்தில் சுற்ற ஆரம்பித்ததும், தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார்கள்.