கழற்றிப் பார்த்த பாட்டுப்பெட்டி

"காது முழுசாப் போறதுக்குள்ள அந்த ரெக்கோர்ட்ட ஒருக்காக் கேக்கணும்" என்று வாப்பும்மா சொன்னது சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று. வட்டிலப்பம் பரிமாறிக்கொண்டிருந்த உம்மாவின் கை ஒரு கணம் நின்றது. அந்த ரெக்கோர்ட் என்றால் எதுவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இசை முரசு நாகூர் ஹனீபா பாடிய, நிமிடத்துக்கு 45 தடவை சுற்றும் சின்ன இசைத்தட்டு. அதைப் போடும் பெட்டி ஹோலின் மூலையில், மேலே துணி விரித்து, அதன்மேல் பூச்சாடி வைத்து, முப்பது வருடங்களுக்கு மேலாகச் சும்மா இருந்தது.

அந்தப் பாட்டு ஃபோனிலும் இருக்கிறது. நான் போட்டும் காட்டினேன். ஹனீபா எங்கேயோ கிணற்றுக்குள் நின்று பாடுகிற மாதிரி இருக்கிறதென்று சொல்லி, வாப்பும்மா ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டார்.

கொழும்பிலிருந்து வந்திருந்த சாச்சா உடனே வழி சொன்னார். பழைய ரெக்கோர்ட் பிளேயர்களை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, சோதித்துப் பார்த்து, உத்தரவாதத்தோடு விற்பவர்கள் இருக்கிறார்களாம். தனக்கும் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். "அப்படி ஒன்ற வாங்குவோம். இந்தப் பொட்டிய யாருக்காவது குடுத்திடுங்க."

நான் வாய் திறந்தது அப்போதுதான். "சாச்சா, இதையே நான் திருத்திப் பார்க்கட்டுமா?" உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன் என்ற துணிச்சலைத் தவிர என்னிடம் வேறு தகுதி எதுவும் இருக்கவில்லை.

பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, பசறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது வெள்ளைக்காரத் துரை ஒருவர் பங்களாவைக் காலி செய்தார். தளபாடங்களை விலைக்குக் கொடுத்தார். கடைக்கணக்கில் அவர் தர வேண்டியிருந்த மிச்சத்துக்கு ஈடாக அப்பா எடுத்து வந்தது இந்த ரேடியோகிராம். மேல்மூடியைத் திறந்தால் இசைத்தட்டைச் சுழற்றும் பகுதி. அதன் இரும்பில் 'கரார்ட்' என்று எழுதியிருக்கும், கீழே இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரப் பெயர். லண்டன் நகைக்கடைக்காரர்கள் முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915இல், பீரங்கிகளுக்குத் தூரம் அளக்கும் கருவிகள் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் பிறகு கிராமபோன் மோட்டார் செய்யப் போனதாம். நகை, பீரங்கி, பாட்டு! வாப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டியபோது, "கடைசில நமுனுகுல மலைக்கு வந்து சேர்ந்திருக்கு" என்று சிரித்தார்.

அந்தக் கரார்ட் கம்பெனி 1950களில் செய்த '301' என்ற கருவி பிபிசி வானொலி நிலையங்களிலேயே சுழன்றது. 2018இல் கரார்ட் என்ற பெயர் கைமாறிய பிறகு, எஸ்.எம்.இ. என்ற ஆங்கிலேய நிறுவனம் பழைய 301களை எடுத்துக் கடைசி ஆணி வரைக்கும் கழற்றி, புதிதுபோலாக்கி விற்கிறது. விலை பல ஆயிரம் பவுண். தொழில்முறைப் புதுப்பித்தல் என்றால் என்ன என்பதற்கு அதுதான் அளவுகோல். எங்களுடையது 301 அல்ல, சாதாரண வீட்டுக் கருவி. அதை அப்படிப் புதுப்பித்துத் தரச் சொன்னால் எவரும் சிரிப்பார். ஆகவே எங்கள் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். வேறு ஒன்றைப் புதுப்பித்த நிலையில் வாங்குவது, அல்லது இதை நாங்களே திறப்பது.

வாப்பா சம்மதித்தார், நிபந்தனைகளோடு. செலவு பதினைந்தாயிரம் ரூபாவைத் தாண்டக் கூடாது. டியூஷன் இல்லாத நேரத்தில் மட்டும். கரண்ட் கொடுக்கும் எந்த வேலையும் பஸார் வீதியில் ரேடியோ, ரைஸ் குக்கர் எல்லாம் திருத்தும் நானா பக்கத்தில் இல்லாமல் நடக்கக் கூடாது. உம்மாவுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. "சோதனை வருஷத்துல பழைய இரும்பக் கிளறிட்டு ஈக்கிறா." உம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு வரலாறு சொன்னேன். நம் நாட்டில் வானொலியே இப்படித்தான் தொடங்கியது. 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்பர் என்பவரும் பொறியியலாளர்களும், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பி செய்து, ஒரு சின்ன அறையில் கிராமபோன் இசைத்தட்டைச் சுழலவிட்டுக் காற்றில் அனுப்பினார்கள். உம்மா கேட்டார்: "அவங்களுக்கு உயர்தரச் சோதனை இருந்ததா?"

நானா வந்து முதலில் ரேடியோகிராமின் உள்ளே எட்டிப் பார்த்தார். பெரிய வால்வுகள் உள்ள ஒலிபெருக்கிப் பகுதியைத் தொட வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதில் உயிர்போகும் அளவுக்கு மின்னழுத்தம் வரும். சுழற்றும் பகுதிக்கு மட்டும் புது வயர் போட்டு, நிலத்தொடுப்பும் கொடுத்தார். கரண்ட் கொடுத்தால் மோட்டார் முனகியது, தட்டு அசையவில்லை. தட்டைத் தூக்கியதும் காரணம் தெரிந்தது. பழைய கிறீஸ் மெழுகைப்போல இறுகி, நெம்புகோல்கள் எல்லாம் ஒட்டிக் கிடந்தன. அதைக் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு எடுக்க எனக்கு நான்கு சனிக்கிழமைகள் பிடித்தன. கழற்றும் முன் ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் நான் தொடக்கத்திலேயே செய்த புத்தியான காரியம்.

இந்த வகைக் கருவியில் மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுற்றுவதில்லை. மோட்டாரின் அச்சுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையில் ஓர் இறப்பர் சில்லு அழுந்தி நின்று, உராய்வினால் சுழற்சியைக் கடத்துகிறது. எங்கள் சில்லின் விளிம்பில் ஓரிடத்தில் பள்ளம். சுற்றும்போதெல்லாம் டொக், டொக் என்று சத்தம். சில்லை அரத்தாளால் தேய்த்தால் அதன் ஆரை குறையுமே, வேகம் மாறிவிடாதா என்று பயந்தேன். கொப்பியில் கணக்குப் போட்டேன். அச்சின் விளிம்பு வேகமும் சில்லின் விளிம்பு வேகமும் தட்டின் உள்விளிம்பு வேகமும் சமன் என்பதால் நடுவிலுள்ள சில்லின் ஆரை சமன்பாட்டிலிருந்து வெட்டுப்பட்டுப் போகிறது. சில்லு சிறிதானாலும் தட்டின் வேகம் மாறாது! வகுப்பில் v = rω என்று நூறு தடவை எழுதியிருக்கிறேன். அது உண்மை என்று முதன்முதலாக நம்பியது அன்றைக்குத்தான்.

பள்ளம் எப்படி வந்தது என்று நானா விளக்கினார். பாட்டு முடிந்து பெட்டி தானாக நிற்கும்போது சில்லும் அச்சை விட்டு விலகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கை இழுத்தாலோ கரண்ட் போனாலோ சில்லு அச்சில் அழுந்தியபடியே நிற்கும். வருடக்கணக்கில் அப்படி நின்றால் இறப்பரில் குழி விழும். "கடைசியா யாரோ நடுவுல பிளக்க இழுத்திருக்காங்க" என்றார்.

கதிரையில் இருந்த வாப்பும்மாவுக்கு அது கேட்டிருக்கிறது. கேட்காத காதென்று நாங்கள் நினைப்பது பல நேரம் தவறு.

"என்ட தம்பிதான் இழுத்தான்" என்றார். 1991இல், கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருந்த அப்பா விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்ன நேரம், வீட்டில் இந்தப் பெட்டி பாடிக்கொண்டிருந்ததாம். ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில் பிளக்கை இழுத்துவிட்டு எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். அப்பா அன்று அஸருக்கு முன் மௌத்தானார். பிறகு எவரும் அந்தப் பிளக்கைக் குத்தவில்லை.

நானா கையிலிருந்த சில்லை மெதுவாக மேசையில் வைத்தார். அரத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். பள்ளம் ஆழமாக இருந்ததால் போகவில்லை. புதுச் சில்லுக்கு இங்கிலாந்திலுள்ள உதிரிப்பாகக் கடையொன்றுக்கு எழுதினோம். பழையதை எறியவில்லை. புதுப்பித்து விற்கும் எந்த இடத்திலும் அதை முதலில் குப்பையில்தான் போட்டிருப்பார்கள், அது அவர்கள் தவறும் அல்ல.

இனி என் தவறுக்கு வருகிறேன். புதுச் சில்லு வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை. டொக், டொக் சத்தத்தோடாவது குரல் வருகிறதா என்று பார்க்க, ஒரு பின்னேரம், வீட்டில் எவருமில்லாத நேரம், வாப்பாவின் நிபந்தனையையும் மீறி, ஹனீபாவின் இசைத்தட்டையே போட்டு ஊசியை வைத்தேன். ஊசி அப்பாவின் காலத்து ஊசி. அதன் முனை தேய்ந்து உளிபோல ஆகியிருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அரை நிமிடம் கரகரவென்று சத்தம் வந்தது. தூக்கிப் பார்த்தால் கறுப்புத் தட்டின் ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒரு வளையம், ஊசி முனையில் தூள். பாட்டின் தொடக்கத்தை நான் சுரண்டி எடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் எவருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு வாப்பும்மாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். "மிச்சம் ஈக்கிதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப சரி. வாப்பாட்டயும் சொல்லிடுங்க." வாப்பாவிடம் சொன்னேன். அன்று வாங்கியதை இங்கே எழுத வேண்டியதில்லை.

சாச்சா சொன்னபடி வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது. அதை மறைத்துவிட்டு நாமே திருத்துவதன் பெருமையைப் பேசுவது நேர்மையல்ல. நல்ல தொழிலாளி முதலில் மாற்றுவது ஊசியை. சோதிப்பதற்கு உதவாத தட்டொன்றை வைத்திருப்பான். எனக்கு அது ஈடுசெய்ய முடியாத ஒன்றைப் பழுதாக்கித்தான் தெரிந்தது.

சில்லும் ஊசியும் ஒரே உறையில் வந்தன. தட்டின் வேகத்தைச் சோதிக்கக் கடதாசியில் வட்டமாகக் கோடுகள் வரைந்தேன். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் என்பதால் விளக்கு செக்கனுக்கு 100 தடவை, நிமிடத்துக்கு 6000 தடவை மின்னும். அதை 45ஆல் வகுத்தால் 133. அத்தனை கோடுகள் வரைந்த வட்டம் சரியான வேகத்தில் சுழன்றால், கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிய வேண்டும். எங்கள் ஹோல் விளக்கின் கீழே எதுவும் தெரியவில்லை. அரைமணி நேரம் தட்டைத் திட்டிய பிறகுதான் நினைவு வந்தது, அது எல்.ஈ.டி. பல்ப். நன்றாகச் செய்த எல்.ஈ.டி. அப்படி மின்னாது. பின் விறாந்தையில் பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒன்று மிச்சமிருந்தது. நானாவும் வாப்பாவும் சேர்ந்து பெட்டியை அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். கோடுகள் நின்றன. மிக மெதுவாகப் பின்னோக்கி ஊர்ந்தன என்பதுதான் உண்மை, ஆனால் காதுக்குத் தெரியாது.

இந்தக் கட்டத்தில் எனக்கு ஆசை பெருகியது. இப்படிப்பட்ட கருவிகளை மாற்றியமைப்பவர்கள் செய்வதையெல்லாம் வாசித்திருந்தேன். பாரமான பலகை அடுக்கில் பொருத்துவது, ஊசிக்கையைக் கழற்றிப் புதியது போடுவது, தானாகத் தூக்கி நிறுத்தும் பொறிமுறையை அகற்றுவது. அந்த நெம்புகோல்கள் இல்லாவிட்டால் உராய்வும் அதிர்வும் குறையும், ஒலி தெளிவாகும். நானாகூட, "இதக் கழட்டிட்டா வேல லேசு" என்றார். திருகாணியைப் பாதி கழற்றியும் விட்டேன். ஆனால் சாம்பல் வளையம் கண்ணுக்குள் நின்றது. திரும்பப் பூட்டிவிட்டேன். நாங்கள் கூடுதலாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. பழைய செரமிக் கார்ட்ரிஜை இன்றைய ஸ்பீக்கரில் நேராகக் கொடுத்தால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்துவிடும். அதற்கு நானா தீப்பெட்டி அளவில் ஒரு சுற்றைச் செய்து இடையில் பொருத்தினார். மொத்தச் செலவு பதினாலாயிரத்துச் சொச்சம்.

சாச்சாவும் தனக்கு வாங்கிவிட்டார். ஜப்பானின் டெக்னிக்ஸ், மோட்டாரே தட்டைச் சுற்றும் வகை, புதுப்பித்தது, இரண்டு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. விடுமுறையில் போய்க் கேட்டேன். எங்கள் பெட்டியின் அடியில் எப்போதும் ஓர் உறுமல் இருக்கும், அவருடையதில் பாட்டு தொடங்கும்வரை வெறும் அமைதி. வேகம் பார்க்கும் புள்ளிகள் தட்டின் விளிம்பிலேயே இருக்கின்றன, ஆணி அடித்தாற்போல் நிற்கின்றன. அது நல்ல கருவி. நல்ல இசைத்தட்டுகள் பல வைத்திருந்து, கேட்பதுதான் நோக்கம் என்றால், நானும் அதையே வாங்கச் சொல்வேன். ஊசி புதியதா, எந்தெந்தப் பாகம் மாற்றினார்கள், 50 ஹேர்ட்ஸுக்கு உரியதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்களுடையதைப் போன்ற பழைய கருவி 60 ஹேர்ட்ஸுள்ள அமெரிக்காவிலிருந்து வந்து, மோட்டார் அச்சும் மாற்றப்படாதிருந்தால், இங்கே 45க்குப் பதில் 37 அல்லது 38 சுற்றுத்தான் சுற்றும். எவ்வளவு மினுக்கியிருந்தாலும் பாடகர் தூக்கக் கலக்கத்தில்தான் பாடுவார்.

வாப்பும்மாவுக்குப் போட்டுக்காட்டியது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. இசைத்தட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரால் அலசிக் காயவைத்திருந்தேன். பெட்டிக்கு மிக அருகில் கதிரையைப் போட்டு, நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். முதல் அரை நிமிடம் நான் செய்த கரகரப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குரல் மேலே ஏறி வந்தது. வாப்பா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். உம்மா குசினிக் கதவடியில் அகப்பையோடு நின்றார்.

பாட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்துக்குப் போனதும், நான்கு சனிக்கிழமைகள் சுத்தம் செய்த அந்த நெம்புகோல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன. கை தானாக மேலே எழுந்து, பின்னால் போய், தன் இடத்தில் அமர்ந்தது. 'டிக்' என்று சில்லு விலகியது. தட்டு மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது.

வாப்பும்மா தட்டு முழுதாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தப் பக்கத்தையும் போடுங்க மகள்" என்றார்.