புதுப்பேட்டையில் கிடைக்கும் கார் மூளை

புதுப்பேட்டை என்றதும் பலருக்கு 2006-ல் வந்த தனுஷ் படம்தான் நினைவுக்கு வரும். ஆனால், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது வேறு ஊர். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கூவம் கரையோரம் நெருக்கியடித்து நிற்கிறது அந்த மார்க்கெட்.

தெருவுக்குள் நுழைந்ததும் டீசலும் கிரீஸும் கலந்த வாசனை வந்துவிடும். ஒரு கடையில் கதவுகள் மட்டும் அடுக்கியிருக்கும். அடுத்த கடையில் ஹெட்லைட்டுகள். அதற்கடுத்து கியர் பாக்ஸ், சீட், ஸ்டீயரிங், சைலன்ஸர். விபத்தில் நசுங்கியவை, ஏலத்தில் எடுத்தவை, ஓடி ஓடி ஓய்ந்தவை என எல்லா வண்டிகளும் இங்கே பிரிபடுகின்றன. வெளியில் இருப்பவர்கள் 'காயலான் கடை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கோ எந்த வண்டியின் எந்த போல்ட் எந்தச் சந்தில் கிடைக்கும் என்பது அத்துப்படி.

இந்த இரும்புக் குவியலுக்கு நடுவே, சில கடைகளின் அலமாரியில் டிபன் பாக்ஸ் அளவில் அலுமினியப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அவைதான் ஈ.சி.எம். மெக்கானிக்குகள் செல்லமாக 'மூளை' என்கிறார்கள்.

கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் வந்தது

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் இந்தப் பெட்டி கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் வேலையை கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவரும் நல்ல காதும் இருந்தால் மெக்கானிக் சரிசெய்துவிடுவார்.

2000-ஐ ஒட்டி புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. 2001-ல் சென்னைக்கும் பாரத் ஸ்டேஜ் 2 வந்தது. கார்புரேட்டர் விடைபெற, எம்.பி.எஃப்.ஐ. என்ஜின்கள் வந்தன. கூடவே இந்தப் பெட்டியும் வந்து உட்கார்ந்தது.

அதன் வேலை கொஞ்சநஞ்சம் அல்ல. என்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எப்போது தீப்பொறி போடுவது என்று பெட்டி முடிவெடுக்கும். நான்கு சிலிண்டர் கார் 3,000 ஆர்.பி.எம்-மில் ஓடினால், ஒரு விநாடிக்கு 100 தீப்பொறிகள்!

மூளை ஏன் கெடுகிறது?

முதல் எதிரி தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தை சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். பல கார்களில் இந்தப் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் செம்புக் கோடுகளில் பச்சை பூத்து, சில மாதங்கள் கழித்துக்கூட வேலையைக் காட்டும். மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது என்று மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

வேறு காரணங்களும் உண்டு. பேட்டரியை மாற்றி இணைப்பது, பேட்டரி ஒயரைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது, வருடக்கணக்கான சூட்டிலும் அதிர்விலும் சால்டர் விட்டுப்போவது.

"பெட்டியை மாத்திடலாம்" என்பதற்கு முன்

பதினைந்து வருடம் தாண்டிய கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, இந்த இரண்டு வார்த்தைகள் பெரிய பயம். ஆர்.சி. புதுப்பிக்க வண்டி ஆர்.டி.ஓ. முன்னால் போய் நிற்க வேண்டும். புகைச் சோதனையிலும் தேற வேண்டும். கம்பெனியில் புதுப் பெட்டி கேட்டால், சில மாடல்களுக்கு வருவதே நின்றிருக்கும். கிடைத்தாலும் விலை மலைக்க வைக்கும். வண்டியை வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா என்ற கேள்வி இந்த இடத்தில்தான் எழுகிறது.

அனுபவசாலிகள் இங்கே அவசரப்படுவதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கெல்லாம் மூளை காரணம் அல்ல. ஃபியூஸ், மெயின் ரிலே, துருப்பிடித்த எர்த் ஒயர், எலி கடித்த ஒயரிங் என்று சில்லறைச் செலவில் முடிகிற வேலைகள் ஏராளம். பெட்டிக்கு 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, பெட்டியிலிருந்து சென்சாருக்கு 5 வோல்ட் போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே அதன் மீது கைவைப்பார்கள்.

இன்னொரு விஷயமும் முக்கியம். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகிப் பெட்டியை எரித்திருந்தால், காயிலை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் அதுவும் எரிந்துபோகும். நோய் ஒரு பக்கம் இருக்க, மருந்து இன்னொரு பக்கம் போட்ட கதைதான்.

நம்பர் ரொம்ப முக்கியம்

பெட்டிதான் கெட்டது என்று உறுதியானால் புதுப்பேட்டைக்கு வரலாம். கடையில் முதல் கேள்வி, "பழசைக் கொண்டாந்தீங்களா சார்?" என்பதுதான். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே வருடம் என்பதெல்லாம் இங்கே செல்லாது. பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் இருக்கும் நம்பர், கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். மாருதி வண்டிகளில் அது 33920 என்று தொடங்கும். பாரத் ஸ்டேஜ் மாறினாலே பெட்டியும் மாறிவிடும்.

நம்பர் பொருந்தினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். காரணம், இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பும் காரும் ஒரு ரகசியக் குறியீட்டால் பேசிக்கொள்ளும். வேறு காரிலிருந்து வந்த பெட்டிக்கு உங்கள் சாவி அந்நியன். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு, சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடும்.

அதற்கு வழி கூவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய 'சின்னத் தறிப் பேட்டை'யான சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு. எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களின் கடல். கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், சால்டர் கம்பி என பெட்டியைப் பழுதுபார்க்கத் தேவையானவை அங்கே உண்டு. கைதேர்ந்தவர்கள் பழைய பெட்டியைத் திறந்து, அரிசி அளவிலான எட்டுக் கால் மெமரி சிப்பிலிருந்து தகவலைப் படித்து, மாற்றுப் பெட்டிக்குள் ஏற்றிவிடுவார்கள். சாவிக்கு மறுபடி தன் கார் கிடைத்துவிடும். பழைய பெட்டி வெந்துபோயிருந்தாலும் அதைத் தூக்கி எறியக் கூடாது என்பது இதற்காகத்தான்.

கவனிக்க வேண்டியவை

* பழைய பெட்டி, எல்லா சாவிகள், ஆர்.சி. நகல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
* பெட்டியின் நம்பர் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாத பொருள் தலைவலியில் கொண்டுபோய் விடலாம்.
* ஸ்க்ரூ திறந்த தடம், பின்களில் பச்சை, சேற்றுக் கறை இருந்தால் வேண்டாம்.
* ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று முதலிலேயே கேளுங்கள்.
* மாட்டும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது அவசியம். பின்களை விரலால் தொடக் கூடாது.
* மாட்டியதும் ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம். புதுப் பெட்டி அந்த என்ஜினைப் பழகிக்கொள்ள கொஞ்சம் ஓட்டம் தேவை.

புதுப் பாகங்கள்தான் வேண்டுமென்றால் அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது. ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். புதுப்பேட்டைக்கு எழும்பூரில் இறங்கலாம். ரிச்சி தெருவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம் பக்கம். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். தவிர, மூளையைக் கழற்றிக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ரயிலை விட்டால் வேறு வழியும் இல்லை!