பெட்டியில் இருந்த சோப்பு

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் நடந்து பாருங்கள். தேக்காவிலிருந்து முஸ்தஃபா வரை கால் வைக்க இடமிருக்காது. மல்லிகை மணம், புரோட்டாக் கல்லின் சத்தம், ஊருக்குக் கைப்பேசியில் பேசும் குரல்கள். நம் ஊர்க் கடைவீதியேதான். ஒன்று மட்டும் குறையும். ஒரு தெருநாய்கூடக் கண்ணில் படாது.

ஒரு காலத்தில் இது மாடுகளின் வட்டாரம். பஃப்ளோ ரோடும் கெர்பாவ் ரோடும் எருமைகளின் பெயரால் வந்தவை. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாயில் எருமைக் கொட்டில். மாடுகள் போய்விட்டன, பெயர்கள் தங்கிவிட்டன. இங்குள்ள வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் வேண்டும். 1953 முதல் சிங்கப்பூரில் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் இல்லை.

அந்த நிம்மதியில் வளர்ந்தவன் நான். அதன் விலை சென்ற ஆண்டு விடுமுறையில் தெரிந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கம் பெரியப்பா வீடு. வழக்கம்போல முஸ்தஃபாவில் வாங்கிய சாக்லெட், சோப்பு, கோடாலித் தைலம் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போயிருந்தேன். மறுநாள் காலை, நின்றிருந்த ஆட்டோவுக்கு அடியில் குட்டி போட்டிருந்த நாயைக் கவனிக்காமல் பக்கத்தில் போனேன். கெண்டைக்காலில் ஒரே கவ்வு. இரத்தம் வந்தது.

அப்பத்தா ஓடி வந்தார். ஒரு கையில் மஞ்சள் தூள், இன்னொரு கையில் நான் வாங்கிவந்த அதே கோடாலித் தைலம். "தேச்சா சரியாப் போயிரும்யா" என்றார். நானும் காலை நீட்டினேன்.

தடுத்தது அண்ணி. தாதியாக வேலை பார்ப்பவர். "தைலத்த வைங்க. பெட்டியில சோப்பு இருக்குல்ல, அத எடுங்க தம்பி" என்று அடிபம்புக்கு இழுத்துப் போனார். அவர் தண்ணீர் அடிக்க, நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு நிமிடத்தில் எழப் பார்த்தேன். "பதினஞ்சு நிமிஷம்" என்று கைப்பேசியில் நேரம் வைத்துவிட்டார். வானொலிக் கணக்கில் மூன்று பாட்டு. அவ்வளவு நேரம் ஒரு காயத்தைக் கழுவ முடியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

காரணத்தையும் அவரே சொன்னார். ரேபிஸ் கிருமியைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதை உடைத்துவிடும். கொவிட் காலத்தில் நாம் கைகழுவிய அதே கணக்குத்தான். ஓடும் தண்ணீர் மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போகும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதுவும் கிருமியைக் கொல்லாது, புண்ணைத்தான் கிளறும். இறுக்கிக் கட்டவும் கூடாது.

அங்கிருந்து அரசு மருத்துவமனை. அப்பா காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பார்கள். அந்தப் பயத்தாலேயே கடியை மறைத்தவர்கள் உண்டு. அந்தப் பழைய மருந்து இப்போது இல்லை. இரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி எதிர்ப்பொருள் மருந்தைச் செலுத்தினார்கள். தடுப்பூசி கையில்தான். காசு வாங்கவில்லை. டெட்டனஸ் ஊசியும் போட்டு, சீட்டில் நாள்களை எழுதிக் கொடுத்தார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள். ஐந்தாம் நாள் எனக்கு விமானம். இரண்டை ஊரில் முடித்தேன். மீதி இரண்டையும் அந்தச் சீட்டைக் காட்டிச் சிங்கப்பூரில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்த வாரம், வீராசாமி சாலையில் தேநீர் குடித்தபடி இதை நண்பர்களிடம் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருத்துவர் ஒருவரின் பெயர் தாங்கிய சாலை அது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி பேச்சில்லாமல் கைச்சட்டையை மடித்தார். முழங்கைக்குக் கீழே நான்கு பல் தடம். விடுப்பில் போனபோது கடித்ததாம். மூன்று வாரம் ஆகிவிட்டது. "புண்ணு ஆறிடுச்சே அண்ணே."

புண் ஆறுவதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஊர்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது கிட்டத்தட்ட இயலாத காரியம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இப்படி இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஊரில் வாங்கிய கடி இங்கே தங்கும் விடுதியில் காய்ச்சலாக எழுந்தால், மருத்துவருக்கு நாய் நினைவு வருமா?

கடித்த நாய் பத்து நாளுக்குப் பிறகும் நலமாக இருந்தால் பயமில்லை. உடனே ஊருக்குப் பேசச் சொன்னேன். நாயைக் காணோம் என்று பதில் வந்தது. தம்பியின் முகம் மாறியது. நாள் கடந்துவிட்டதே என்று தயங்கினார். அறிகுறி வராதவரை தாமதமானாலும் ஊசியைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். மறுநாளே மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் தேதியைக் கேட்டார், கடைசியில், "நல்லவேளை வந்தீர்கள்" என்றார். அன்றே முதல் ஊசி.

இந்தியாவுக்கு மட்டுமல்ல, பாலிக்கும் சரவாக்குக்கும் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பூனை, குரங்கு கடித்தாலும் இதே கதைதான். கிராமத்தில் நீண்ட நாள் தங்குவதாக இருந்தால், புறப்படும் முன்பே தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். பிள்ளைகளிடம், "கடித்தால் மறைக்காதே, திட்டமாட்டோம்" என்று சொல்லி வையுங்கள்.

தம்பிக்கு எல்லா ஊசியும் முடிந்துவிட்டது. போன ஞாயிறு முஸ்தஃபாவில் பார்த்தேன். அடுத்த விடுப்புக்குப் பெட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். கோடாலித் தைலம் நான்கு, சோப்பு ஒரு டஜன். "தைலம் அம்மாவோட முட்டி வலிக்கு அண்ணே" என்று முந்திக்கொண்டு சொன்னார்.