சோபாவுக்காக ஒரு கூண்டு

கூண்டு வாங்கியது சோபாவைக் காப்பாற்ற. சிட்டுவுக்கென்று ஒரு தனியிடம் வேண்டாமா என்று மனைவியிடம் சொன்னதெல்லாம் சும்மா. சோபாவுக்குத் தவணை இன்னும் முடியவில்லை.

சிட்டு ஐந்து வயதுச் சிப்பிப்பாறை. சாத்தூர்ப் பக்கம் மாமனாரின் தோட்டத்தில் வளர்ந்தவள். முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். ஓடுவதற்கு அங்கே கரிசல் காடு கிடந்தது. மாமனார் காலமானதும் அத்தை மைத்துனரோடு பெங்களூர் போய்விட, சிட்டு வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். தனியாக இருந்த பகல்களில் சோபாவைக் கிழித்தாள், வாசல்கதவைப் பிறாண்டினாள்.

முறை தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. கூண்டு விற்ற பையனே விவரமாகச் சொன்னான். நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். ஆரம்பத்தில் கதவைச் சாத்தவே கூடாது. சோற்றுத் தட்டை வாசலில் வைத்து, நாளாக நாளாக உள்ளே தள்ள வேண்டும். அதுவாகப் போய்ப் படுக்கிற அளவுக்குப் பழகிய பிறகு, நாம் பக்கத்தில் இருந்துகொண்டே சில நிமிஷம் சாத்திப் பார்க்கலாம். வளர்ந்த நாய் என்றால் வாரக்கணக்கில் ஆகும் சார், அவசரப்படாதீங்க என்றான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டு வைத்தது வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்தது. தலையை மட்டும் உள்ளே விட்டு, பின்னங்கால்களை வெளியே ஊன்றி, எந்த நேரமும் பின்வாங்கத் தயாராக அள்ளி அள்ளித் தின்றாள். மறுநாள் காலை அந்தப் பின்னங்கால்களைப் பிடித்துத் தள்ளிக் கொண்டியைப் போட்டுவிட்டு ஆபீஸ் போனேன்.

"பகல் பூரா ஊளை விடுது சார்" என்றார் வாட்ச்மேன். பழகிடும்ணே என்றேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நெஞ்சும் முன்னங்கால்களும் எச்சிலில் ஊறிக் கிடக்கும், விரிப்பு நார்நாராக இருக்கும். அந்த ஆத்திரத்தில் மறுபடி அதே கூண்டில்தான் அடைத்தேன். பொழுது போகாமல் கடிக்கிற நாய் வேறு, தனியே விட்டால் பீதியடைகிற நாய் வேறு. பின்னதை அடைத்து வைத்தால் பல்லும் நகமும் போகும். சுவீடனில், பயணம் மாதிரிச் சில காரணங்கள் தவிர, வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைப்பதற்குச் சட்டத்திலேயே தடை உண்டு. அவர்களுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தவன் நான்.

ஒருநாள் கம்பியைக் கடித்து, மேல் கோரைப்பல் பாதியாக உடைந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. "எலும்பு ஏதும் கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அவரே வழியும் காட்டிவிட்டார். ஆமாம் டாக்டர் என்றேன். கெட்டி எலும்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் பீதிக்கு மருந்தும் பயிற்சியும் சொல்லியிருப்பார். பல்லுக்கு மட்டும் வைத்தியம் நடந்தது. "சிட்டு எப்படி இருக்கா மாப்பிள்ளை?" என்று அத்தை போனில் கேட்டதற்கும், அவளுக்கென்ன, நன்றாக இருக்கிறாள் என்றேன்.

கூண்டைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. பகலில் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார், சம்பளம் கொடுக்கிறோம். அடுத்த மாதம் ரேபிஸ் ஊசிக்கு அதே டாக்டரிடம் போக வேண்டும். வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாமா என்று மனசு கணக்குப் போடுகிறது.