நொறுங்கத் தின்றால்...

உப்பு மிளகாய்த்தூள் தடவின மாங்காய்க் கீத்து. படிக்கும்போதே வாய் ஊறுச்சா? :-)

அந்த ஒரு நொடியில உள்ளே என்ன நடக்குதுன்னு படிச்சுப் பார்த்தேன். நாம எழுதுற ப்ரோக்ராம் எல்லாம் பிச்சை வாங்கணும்.

மூளையோட உத்தரவு நரம்பு வழியா வந்து, உமிழ்நீர்ச் சுரப்பி செல்லோட வாசல்ல அசிட்டைல்கோலின்னு ஒரு வேதிப்பொருளைக் கொட்டும். அது உள்ளே போகாது. வாசல்ல இருக்கற ரிசப்டரைத் தட்டிட்டு நின்னுடும். உள்ளே ஐபி3ன்னு இன்னொரு தூதுவன் கிளம்பி, பூட்டி வச்சிருக்கற கால்சியத்தைத் திறந்து விடும். கால்சியம் ஏறினா குளோரைடு வெளியேறும், பின்னாடியே சோடியமும் தண்ணியும். அதான் எச்சில். இந்த ஐபி3 கதையில முக்கியமான ஆள் கேம்பிரிட்ஜ்ல இருந்த மைக்கேல் பெரிட்ஜ். அவர் வருஷக்கணக்கா நோண்டினது எதைத் தெரியுமா? ஈயோட உமிழ்நீர்ச் சுரப்பியை! 1983-ல கணையச் செல்களை வச்சு, கால்சியத்தைத் திறக்கறது ஐபி3தான்னு அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் காட்டினாங்க.

வயசானா இது என்ன ஆகும்? கிழட்டு எலிகளோட பரோடிட் சுரப்பியில (காதுக்கு முன்னாடி, கன்னத்துல இருக்கறது) 1980-களில் சோதிச்சாங்க. இதே கால்சியம் பாதையைத் தூண்டுற அட்ரினலின் வகை சிக்னல் கொடுத்தா, இளசு எலி அளவுக்குக் கால்சியம் அசையலை. தட்டுறது கேட்குது, உள்ளே சேதி போறதுலதான் தொய்வு.

எங்க வீட்டுல ஆச்சிக்கு எண்பது தாண்டியாச்சு. தட்டுல வச்ச இட்லியில பாதி அப்படியே இருக்கும். "தொண்டையில எறங்க மாட்டேங்குதுய்யா"ம்பாங்க. மாமா ஒருத்தர், "வயசானவங்க கொறைச்சு சாப்பிட்டா நல்லதுடே, எலிக்குக் கொடுத்து நிரூபிச்சிருக்கான்"னு தீர்ப்பே சொல்லிட்டார்.

எலி விஷயம் நிஜம்தான். 1935-லயே கார்னெல் பல்கலைக்கழகத்துல கிளைவ் மெக்கே, உணவைக் குறைச்சு வளர்த்த எலிகள் அதிக நாள் வாழறதைக் காட்டினார். ஆனா அங்கே குறைச்சது கலோரியை மட்டும். விட்டமினும் தாது உப்பும் குறையாம பார்த்துக்கிட்டாங்க. அதுவும் குட்டியில இருந்தே. வாய் காய்ஞ்சு போய் பாதி இட்லியோட எழுந்திருக்கற எண்பது வயசுக்காரங்களுக்கு இதுல ஒண்ணுகூடப் பொருந்தாது. அது சிக்கனம், இது பட்டினி.

இன்னொரு எலிக் கதையும் இருக்கு, மாமா அதைச் சொல்லலை. மெல்ல வேண்டாத கூழ் உணவையே கொடுத்தா எலிகளோட பரோடிட் சுரப்பி சுருங்கிப் போகுது. திரும்ப கெட்டியான தீனி கொடுத்தா தேறி வருது. மெல்லறதே அந்தச் சுரப்பிக்குப் போற சேதி. சேதி நின்னா வேலையும் நின்னுடும். வாய் காயுதுன்னு கஞ்சி, கஞ்சியால இன்னும் காய்ச்சல்னு ஒரு முடிவில்லாத லூப். நம்ம ஆளுங்க நொறுங்கத் தின்றால் நூறு வயசுன்னு சும்மா சொல்லலை.

மனுஷங்க விஷயத்துல ஒரு நல்ல சேதியும் உண்டு. ஆரோக்கியமான முதியவங்களுக்கு, மெல்லும்போது பரோடிட்ல சுரக்கறது பெரிசா குறையறதில்லை. நிறைய பேருக்கு வாய் காயறது மாத்திரையால. சில அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததுக்குக் கொடுக்கறது எல்லாம் அசிட்டைல்கோலினை வாசல்லயே மறிச்சிடும். அதனால ஆச்சியோட மாத்திரை டப்பாவை அப்படியே டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போனோம். ஒரு மாத்திரையை மாத்திக் கொடுத்திருக்கார். (நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, புண்ணியமாப் போகும்!) இப்போ மெத்துன்னு வெந்த காய், குழம்புல ஊறின இட்லின்னு கொஞ்சமாவது மெல்ல வைக்கிறோம். பக்கத்துலயே ஒரு சொம்புத் தண்ணி.

உங்க வீட்டுப் பெரியவங்க "பசிக்கல"ன்னா, "வயசாச்சுல்ல"ன்னு விட்டுடாதீங்க. "வாய் காயுதா?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.