கோழிச் சுவைப் பற்பசை

எங்கள் வீட்டுப் பூனைக்கென்று மகள் வாங்கிவந்த பையில் ஒரு பற்பசைக் குழாய் இருந்தது. அதன்மேல் ஒரு பூனைப் படம். படத்துக்குக் கீழே கோழிச் சுவை என்று போட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் உமிக்கரிக்குப் பிறகு கோபால் பல்பொடி வந்தது, அதற்குப் பிறகு புதினா மணக்கும் பேஸ்ட். கோழியால் பல் விளக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

"நம்ம பேஸ்ட்டையே துளி தடவிவிட்டா ஆகாதா?" என்றேன்.

"அதுக்குத் துப்பத் தெரியாதுப்பா."

மறுத்துப் பேச ஒன்றுமில்லை. தடவியதையெல்லாம் விழுங்கிவிடும் பிராணிக்கு ஃபுளோரைடும் நுரையும் ஆகாது. சுவைக்கும் காரணம் இருக்கிறதாம். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரவைக்கும் மரபணு பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று அமெரிக்காவின் மோனெல் ஆய்வு நிலையத்தார் 2005இல் கண்டறிந்து சொன்னார்கள். எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை முகர்ந்துவிட்டு அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில் என் மனைவிக்கு இருந்த வருத்தம் இப்போது தீர்ந்தது.

நாயின் கதை வேறு. அதற்கு இனிப்பு தெரியும், அதுதான் ஆபத்து. மனிதர்களின் சில பற்பசைகளிலும் சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலும் சேர்க்கிற சைலிட்டால் நம் பல்லுக்கு நல்லது. நாயின் உடம்புக்குள் போனால் இன்சுலினைத் தாறுமாறாகச் சுரக்கவைத்து, ரத்தச் சர்க்கரையை இறக்கிச் சுருட்டிப் போட்டுவிடும். ஈரலும் கெடும். நாங்கள் இருக்கும் சிங்கப்பூரில் சூயிங்கம் 1992இல் தடைசெய்யப்பட்டது. 2004 முதல் பல்லுக்கு நல்லது என்கிற வகையை மட்டும் மருந்தகத்தில் வாங்கலாம். ரயில் கதவில் பிசின் ஒட்டக்கூடாது என்று போட்ட சட்டம் தெருவில் மோந்து திரியும் நாய்களுக்குப் பன்னிரண்டு வருடம் காவல் இருந்திருக்கிறது. சட்டம் போட்டவர்களுக்கே இது தெரிந்திருக்காது.

பூனைக்குச் சட்டம் அவ்வளவு தயவு காட்டவில்லை. 1989இலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கக்கூடாது என்றார்கள். ஜனங்கள் வளர்த்தார்கள், சத்தமில்லாமல். 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும், முதல்முறை உரிமம் எடுப்பவர் இணையத்தில் பாடம் வேறு படிக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் ஒளிந்து வாழ்ந்த ஜீவன் இன்று சிப்போடும் பல் பிரஷ்ஷோடும் சட்டபூர்வக் குடித்தனக்காரர்.

இந்தக் குழாயைப் பற்றி யோசித்துக்கொண்டே பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கப் போனேன். ஒரு காலத்தில் ரோச்சோர் ஆற்றோரச் சதுப்பையும் புல்லையும் நம்பி மாடுகளை அடைத்துவைத்த வட்டாரம் இது. வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிய வீதிக்குப் பெலிலியோஸ் என்ற மாட்டு வியாபாரியின் பெயர். எத்தனையோ சிங்கப்பூரர்கள் பிறந்த கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிக்கும் எருமைக்கொட்டிலின் பெயர்தான். இன்றைக்கு வெண்டைக்காய் குவித்து வைத்திருக்கும் இந்த இடத்தில் எத்தனை மாட்டின் வாயை எத்தனை பேர் பிளந்து பார்த்திருப்பார்கள்!

அப்படிப் பார்ப்பதை நான் கண்டது மணப்பாறைச் சந்தையில். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தாத்தா கூட்டிப்போவார். முதலில் மாட்டைச் சுற்றி வருவார். சுழி பார்ப்பார். வாலை முறுக்கி நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு மூக்கணாங்கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறுகையின் கட்டைவிரலால் கீழுதட்டை மடக்குவார். மேல்தாடையின் முன்பக்கம் மாட்டுக்குப் பல்லே கிடையாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். கீழே எட்டு. பால்பல் விழுந்து, நடுவில் பெரிய பல் இரண்டு முளைத்தால் "ரெண்டு பல்லு", வயது இரண்டைத் தாண்டியிருக்கும். பிறகு நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் போட்டுவிட்டால் பல் சேர்ந்த மாடு. அதற்குமேல் தேய்மானத்தை வைத்து ஊகம்தான், தரகர் சொல்லும் வயதை யாரும் நம்புவதில்லை. பேரம் துண்டுக்குள் நடக்கும். தரகரின் விரல்களைத் தாத்தா துண்டு மறைவில் பிடித்து அழுத்துவார், முகத்தில் ஒன்றும் தெரியாது. எத்தனைக்கு முடிந்தது என்று கேட்டால் வீட்டுக்குப் போகும்வரை சொல்லமாட்டார். எனக்கு இந்த விரல் கணக்கைக் கற்றுக்கொள்ள ஆசை. "உனக்கெதுக்குடா, நீ கப்பலேறிப் போறவன்" என்பார்.

அவர் மாட்டைக் குளிப்பாட்டுவார், கொம்புக்கு எண்ணெய் தடவுவார், ஈன்ற மாட்டுக்காக ராத்தூக்கம் கெடுவார். ஆனால் வாங்கிய மாட்டின் வாயை மறுபடி அவர் திறந்து நான் பார்த்ததில்லை. பல் விலைக்கு, அவ்வளவுதான். அது தீனி எடுக்காமல் நின்றால் கண்ணேறு கழித்துப் பார்ப்பார்கள், கஷாயம் ஊற்றுவார்கள். கடைவாயில் வலியோ என்று யாரும் கேட்டதில்லை.

பூனையிடம் பல்வலியைக் கண்டுபிடிப்பது இன்னும் சிக்கல். வளர்ந்த பூனைக்கு முப்பது பல், நாய்க்கு நாற்பத்திரண்டு. நம்மைப்போலச் சொத்தை விழுவது பூனைக்கு அபூர்வம். அதன் வியாதி வேறு மாதிரி, பல் தானாகவே அரித்துக் கரைந்துபோகும். வலி கடுமையானது. ஆனாலும் பூனை சாப்பிடும், ஏனென்றால் அது மெல்லுகிற சாதியே இல்லை, உலர்தீனியை அப்படியே விழுங்கிவிடும். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத் தின்பது, வாயிலிருந்து தீனி நழுவுவது, எச்சில் வடிவது, வாய்நாற்றம் — அது வாய் திறந்து சொல்வது இவ்வளவுதான். பல்மேல் படியும் பசையைத் தினம் துடைக்காவிட்டால் சில நாட்களில் காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷ் பலிக்காது. மயக்க மருந்து கொடுத்துத்தான் சுரண்ட வேண்டும். அப்படிச் சுரண்டியதற்கு ஒரு மருத்துவமனையில் தந்த பில்லைப் பார்த்து எனக்குத்தான் பல் கூசியது.

இருந்தாலும் மகளைக் குறை சொல்லமாட்டேன். விலை பேசுவதற்கில்லாமல் ஒரு பிராணியின் வாயைத் திறந்து பார்க்கிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான். சன்னல்களுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறாள், பதினோராவது மாடியிலிருந்து பூனை குதித்துப் பிழைக்கும் என்பதை அவள் நம்பவில்லை. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால் சாம்பார் சாதத்துக்குத் தடை. கேம்பல் லேனில் வாங்கும் மல்லிகைச் சரத்துக்கு அனுமதி உண்டு, லில்லிப் பூங்கொத்துக்கு இல்லை. லில்லியின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு, நம்மவர்கள் வீட்டில்தான் அதிகம் நடக்கக்கூடியது. பூனைக்குப் பல்வலி என்று தெரிந்ததும், பாவம் என்று பனடாலில் பாதியை உடைத்துப் பொடித்துக் கொடுக்கக் கை நீளும். கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை, ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும். கூண்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.