அலமாரியின் கேள்வி

பழவேற்காட்டுக் குப்பங்களில் காலத்தை நாசியால் அறியலாம். பிடித்த இறாலுக்கு உடனே ஐஸ் வேண்டும். விற்காத மீன் உப்பும் வெயிலும் பட்டுக் கருவாடாகும். தமிழ்நாட்டில் 1987-இல் தடைசெய்யப்பட்ட பனங்கள்ளும் மறுநாளுக்குள் புளிப்பேறிவிடும் சரக்குதான்.

பாட்டில் சரக்கு வேறு. 42.8 சதவீத ஆல்கஹாலில் கிருமி வளராது. மூடி திறக்காத பிராந்தி, வெயில் படாமல் நிறுத்திவைத்தால், வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். பீப்பாயில் முதிர்வதுபோல் பாட்டிலில் முதிர்வதுமில்லை. திறந்தபின் காற்று மணத்தைத் தின்னும். பாதிக்கும் கீழே இறங்கிய பாட்டில் சில மாதங்களில் சப்பென்றாகும், விஷமாகாது.

திறந்தால் எத்தனை நாள் வைப்பீர்கள் என்று படகுக்காரர் ஒருவரிடம் கேட்டேன். ‘வைக்கிறதா? எதுக்கு சார்?’ என்றார். 180 மில்லி குவார்ட்டருக்கு மறுநாள் கிடையாது. என் கேள்வி அலமாரி உள்ளவனுடையது. நம் விமர்சனத்தில் ‘நிலைக்குமா’ என்று கேட்பதும் பெரும்பாலும் அப்படித்தான்.